கோடன் ஏன் கோடு போட்டான்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். "மழ வருது மகள், வீட்டு முத்தத்துல கராம்பு காயுது, பொறகு பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குப் பலாபத்வலையில் மண்டையைப் பிளக்கிற வெயில். கராம்பு முழுவதையும் முந்தின நாளே சாக்கில் கட்டி மாத்தளைக்கு அனுப்பியாகிவிட்டது. கடை வாசலில் சும்மா உட்கார்ந்து, தம்புள்ளைப் பக்கம் போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் வாப்பா உன்னிடம் பொய் சொல்கிறவன் என்பதை முதலிலேயே நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மழைப் பொய் சின்னது. பெரியது ஒன்று இருக்கிறது. அதற்கு வயது இருபத்திரண்டு.

நீ கேட்டது இதுதான். "வாப்பா, எங்கட கார்ட்டூனப் பாக்குறீங்கதானே? கோடன் ஏன் அப்படிச் செய்றான்னு நீங்க நினைக்கிறீங்க?" கடைசிப் பகுதிகளை எழுதிக்கொண்டிருக்கிறாய் என்றாய். உன் ஒஃபிஸில் உள்ள பெரியவர்கள், கெட்டவன் என்றால் கெட்டவன்தான், கடைசியில் அவன் தன் மைக்குழியிலேயே விழுந்து மூழ்க வேண்டும், பிள்ளைகள் கை தட்ட வேண்டும், அத்தோடு கதை முடிந்தது என்கிறார்களாம். நீ மாட்டேன் என்கிறாயாம். அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது வெளியே வந்தால்தான் கதை முடியும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாயாம். ஆனால் அவனுக்காக நீ எழுதிய காரணம் உனக்கே போதவில்லை. மாதக் கடைசிக்குள் வேறொன்று கிடைக்காவிட்டால் மைக்குழிதான். "எங்கயோ ஒரு இடத்துல கொறையுது வாப்பா. என்னன்னுதான் எனக்கு விளங்கல்ல" என்றாய். உனக்கு விளங்காதது எனக்கு விளங்கியது. அதனால்தான் அன்றைக்கு மழை வந்தது.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். உன் ஒஃபிஸில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டு. பிறகு ஊரில் யார் கேட்டாலும் காட்டு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். பிறகு சொல்ல வாய் வராமல் போகலாம். கண்ணில் புரை எடுக்கும்வரை உன் கார்ட்டூனை நான் கேட்டேனே தவிரப் பார்த்ததில்லை. நீ வாங்கி அனுப்பிய அந்தக் கதவளவு டிவியில் கலர் கலராக ஏதோ ஓடும். என் தங்கச்சி, உன் மாமி, பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப அணில் பேசுது நானா, இப்ப பிள்ள ஓடுது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். பெண் ஓடினாளா, அணில் ஓடியதா என்று அவளுக்கே பாதி நேரம் தெரியாது. நானும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். நீ போனில் கேட்டால் "நல்லா ஈக்குது மகள்" என்பேன். ஒப்பரேஷன் முடிந்து, கட்டை அவிழ்த்து, மருந்து விட்டு ஒரு வாரம் போன பிறகு, மாமி உன் தொடரை முதல் பகுதியிலிருந்து போட்டுவிட்டாள். இரண்டு நாள் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கடைக்கு வந்தவர்களை மாமி திருப்பி அனுப்பினாள்.

மகள், உனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. சுவரில், பலகையில், தாளில் பிள்ளைகள் வரைகிறதெல்லாம் பேசுகிற ஓர் ஊர். கையில் சோக்குக் கட்டியோடு ஒரு சின்னப் பெண். அந்த ஊருக்குக் கோடன் வருகிறான். படங்களின் கழுத்துக்குக் குறுக்கே கறுப்பு மையால் ஒரு கோடு இழுக்கிறான். கோடு விழுந்த படம் பிறகு பேசுவதில்லை. உன் ஒஃபிஸ் பிள்ளைகளுக்கு இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. எங்கள் ஆட்களில் சில வீடுகளில் உயிருள்ளதை வரைவதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. உயிர் கொடுப்பது படைத்தவனின் வேலை, நாம் வரைந்தால் அதற்கு உயிரைக் கொடு என்று நாளைக்கு நம்மிடம் கேட்கப்படும் என்ற பயம். பிள்ளை ஆசைப்பட்டு ஆட்டையோ ஆளையோ வரைந்துவிட்டால், கழுத்தில் ஒரு கோடு போட்டுவிடு, தலை வேறு உடம்பு வேறாகிவிட்டால் அது வெறும் தாள்தான் என்பார்கள். பயபக்தியோடு செய்கிறவர்கள் செய்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. நான் செய்தது அது இல்லை.

ஏழாவது பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடன் ஒரு பிள்ளை வரைந்த ஆட்டின் கழுத்தில் கோடு போடுகிறான். பிள்ளைகள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். தெருவில் யாரும் இல்லை. அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கேட்கிறான். ஆடு இன்னும் பேசுகிறதா என்று. பேசவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக் கேட்கிறான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போகிறான். வசனம் ஒன்றும் இல்லை, மேளமும் இல்லை. நான் மாமியிடம், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றேன். கண்ணில் மருந்து கரிக்குது என்றேன். அதுவும் பொய்தான். கோடு போட்டவன் பிறகு காதை வைத்துக் கேட்பான் என்று உனக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் சொல்லவில்லையே. எனக்கு மிளகில் கல் பொறுக்கத் தெரியும், கராம்பைக் கையில் நசுக்கிப் பார்த்து எந்தத் தோட்டத்து மொட்டு என்று சொல்லத் தெரியும். மனிதனுக்கு உள்ளே கையை விட்டு இப்படி எடுக்கிற வேலை உனக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பத்தாவது பகுதியில் அவனுக்கு நீ ஒரு காரணம் கொடுத்திருக்கிறாய். படங்கள் எல்லாம் ஒரு நாள் தன்னைச் சூழ்ந்துகொண்டு "எங்களுக்கு மூச்சுக் கொடு" என்று கேட்கும், தன்னிடம் கொடுக்க மூச்சு இல்லை என்று அவன் பயப்படுகிறான். அந்தப் பயத்தில்தான் அவற்றின் வாயை அடைக்கிறான். நல்ல காரணம். பயபக்தி உள்ள ஒரு மனிதனின் காரணம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஒரு தோளை முன்னுக்குத் தள்ளி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து அவன் நடக்கிற நடை. கக்கத்தில் குறுக்கே வைத்த குடை. எந்தக் கதவுக்குள் போகிறதுக்கு முன்னும் இரண்டு தரம் இருமுகிற இருமல். முகத்தை மட்டும் நீ வரையவில்லை. அவன் முகம் திரும்புகிற இடத்திலெல்லாம் அந்தக் குடையை விரித்து, நிழலில் இருட்டாகவே வைத்திருக்கிறாய். ஆனால் முகம் தேவையில்லை. பலாபத்வலையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்த நடையைக் கண்டால் எழுந்து நிற்கும். உனக்கு மத்ரஸாவில் ஓதிக்கொடுத்த ஹஸரத்தை நீ கோடன் ஆக்கியிருக்கிறாய்.

ஆக்குவாய்தான். அவர்தான் கோடு போடச் சொன்னார் என்று உன்னிடம் சொன்னது நான். இப்போது கேள்.

உன் உம்மாவின் படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லாதது ஏன் என்று நீ சின்ன வயதில் பல தடவை கேட்டிருக்கிறாய். உம்மாவுக்குப் படம் பிடிப்பது பிடிக்காது என்று சொல்லிவைத்தேன். அவளுக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்கு இரத்தோட்டையிலிருந்து ஒரு ஃபொட்டோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள் அவளுடைய ஆட்கள். வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தது நான். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. ஊரில் என்னை மார்க்கத்தில் பேணுதலான மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை. வந்தவர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, கெமராவை உறையிலிருந்து எடுக்காமலே பஸ் ஏறிப் போனார். அடையாள அட்டையில் மட்டும் அவள் முகம் ஒன்று இருந்தது. அவள் இறந்த பிறகு மௌத்தைப் பதியப் போனபோது அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நானும் யோசிக்காமல் நீட்டிவிட்டு வந்தேன்.

அவள் போய் ஒரு மாதம் ஆகும்போது எனக்கு ஒன்று நடந்தது. ஒரு பகல், மாமி கொடுத்தனுப்பிய கறியைச் சூடாக்கி, உப்புப் பார்க்கக் கையில் ஊற்றினேன். உம்மா உப்புப் பார்க்கும்போது உள்ளங்கையில் கறியின் ஆணத்தை ஊற்றி நக்கிவிட்டு ஒரு கண்ணை மூடுவாள், உனக்கு ஞாபகம் இருக்கும். எந்தக் கண்? இடதா வலதா? எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் நின்றபடியே முகத்தைக் கூட்டிப் பார்த்தேன். புருவத்தில் ஒரு வெட்டு உண்டு, சின்னதில் விழுந்தது. அது எந்தப் பக்கம்? பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும், எந்தப் பல்? பதினொரு வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்த முகம், மகள். துண்டு துண்டாக வருகிறது, ஒன்றாகச் சேரமாட்டேன் என்கிறது. கறி தீய்ந்துபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. இதை யாரிடம் சொல்வது? பெண்சாதி முகம் மறந்துபோச்சு என்று ஒரு மனிதன் யாரிடம் போய்ச் சொல்வான்?

நாற்பதாம் நாள் கத்தம் ஓத ஹஸரத் வந்தார். ஓதி முடித்துச் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், அறை வாசலில் நின்றார். நீ பாயில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாய். உனக்கு எட்டு வயது. நானும் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அப்பியாசக் கொப்பி முழுக்க உம்மா. கூந்தல் முடிகிற உம்மா, நடுமுற்றத்தில் மிளகைக் கிளறுகிற உம்மா, பஸ்ஸில் தூங்கிப்போன உம்மா. நீ அப்போது வரைந்துகொண்டிருந்த பக்கத்தில், உள்ளங்கையை வாயில் வைத்து உப்புப் பார்க்கிற உம்மா. இடது கண் மூடியிருந்தது. புருவ வெட்டும் இருந்தது, ஏறிய பல்லும் இருந்தது. என்னிடம் இல்லாததெல்லாம் இரண்டு ரூபாய்ப் பென்சிலில் உன்னிடம் இருந்தது.

ஹஸரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ். அப்படியே ஈக்குது" என்றார். நான் வெளியே கூட்டி வந்து கேட்டேன், "இது சரியா ஹஸரத்? உயிருள்ள முகம். கோடு கீடு போடணுமா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பிள்ளைக்கு விடுங்க. உம்மாவ எழந்த பிள்ள. வளந்த பொறகு பேசிக்கலாம்" என்றார். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரம் நீ மாமி வீட்டுக்குப் போயிருந்தாய். முற்றத்தில் கராம்பு காய்ந்தது. சாக்கில் எழுதுகிற தடித்த மார்க்கரை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் விடாமல் எல்லா உம்மாவின் கழுத்திலும் கோடு இழுத்தேன். படைத்தவனுக்குப் பயந்து அல்ல. நாளைக்கு என்னிடம் மூச்சுக் கேட்பார்கள் என்றும் அல்ல. பொறாமை. எட்டு வயதுப் பிள்ளையின் மேல், பெற்ற பிள்ளையின் மேல் பொறாமை. எனக்கு மறந்துபோன முகம் உனக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கலாம்? இதோ, எழுதிவிட்டேன்.

நீ வந்தாய். கொப்பியைப் புரட்டினாய். அழுவாய் என்று பார்த்தேன், அழவில்லை. "எல்லாப் பக்கத்துக்குமா வாப்பா?" என்று மட்டும் கேட்டாய். "ஹஸரத் நேத்துப் பாத்துட்டு செல்லிட்டுப் போனாங்க மகள். கோடு போடாட்டிப் பாவம்" என்றேன். மார்க்கர் மூடியில்லாமல் கிடந்தது. அதை எடுத்து, காய்ந்துவிடாமல் மூடியைப் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். எனக்குத் தெரிந்து என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இப்படி ஓர் அடி அடித்ததில்லை.

அதற்குப் பிறகு நீ மத்ரஸாவுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னாய். நீ சொன்னது பொய் இல்லை, உன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் சொன்னாய். தாயில்லாப் பிள்ளையின் கொப்பியில் தாயின் கழுத்தை வெட்டச் சொன்ன மனிதன் என்று ஊர் அவரைப் பேசியது. சில வீட்டுப் பிள்ளைகளும் மத்ரஸாவுக்கு வராமல் நின்றார்கள். பெண்கள் அவர் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் கடை வாசலில் இரண்டு தரம் இருமல் கேட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தார். பிளேன்டீ கொடுத்தேன்.

"பிள்ளைட புத்தகத்துல கோடு போடச் செல்லி நான் சென்னேனா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தனக்கு மறந்துவிட்டதா என்று கேட்பது போல இருந்தது.

"இல்ல ஹஸரத்."

"நீங்களா போட்டீங்க?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

நான் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். எழும்பும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிள்ளைக்கு மிச்சமீக்கிறது ஒரு வாப்பாதான். ஹஸரத்மார் நெறைய ஈக்கிறாங்க. கோவம் என்மேலயே ஈக்கட்டும். அவ பெரிசான பொறகு நீங்களே செல்லுங்க."

நீ பெரியவளானாய். நான் சொல்லவில்லை. நீ மாமி வீட்டில் ஒளித்து ஒளித்து வரைந்ததும் எனக்குத் தெரியும். பாடசாலையில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கி, அதைச் சொல்லாமல் அலுமாரிக்கு அடியில் வைத்ததும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன், மூடுவேன். நீ கொழும்புக்குப் போன அன்றைக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் பஸ் வந்தது. "நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். உனக்குத் தெரியும், நான் எதையாவது மறைத்தால் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹஸரத் வீட்டுக்குப் போனேன். இப்போது அவரால் பள்ளிவாசலுக்கும் வர முடிவதில்லை. கதிரையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் டிவியில் உன் கார்ட்டூன். கீழே அவருடைய பேத்திப்பிள்ளை. கோடன் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நின்றதும் அந்தப் பிள்ளை அவனோடு சேர்ந்து இரண்டு தரம் இருமியது. பின்னால் ஹஸரத்தும் இருமினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"வாங்க, வாங்க. உங்கட மகள் என்னத் தூக்கி டிவிக்குள்ள போட்டுட்டா, பாத்தீங்களா?" என்றார்.

"ஹஸரத், நான் இன்னும் அவகிட்டச் செல்லல்ல."

"தெரியும். செல்லியிருந்தா கோடனுக்கு வேற நடை வந்திருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு டிவியைக் கையால் காட்டினார். "அவ என்ன வெறுக்கிறான்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சேன். வெறுக்கிறவ இப்படிச் செய்வாளா? சுவத்துல காத வச்சுட்டு நிக்கிறானே, அதப் பாத்து எனக்கே அவன்மேல பாவமாப் போச்சு. எனக்காக ஒக்காந்து யோசிச்சு ஒரு காரணம் கண்டுபிடிச்சு ஈக்கிறா பாருங்க. அல்லாஹ் அவளுக்கு பரக்கத் செய்யட்டும்."

"நடைய மாத்தச் செல்றேன் ஹஸரத். இருமலையும்."

"வேணாம், வேணாம். எனக்கு இப்ப நடக்க ஏலாது. டிவியிலயாவது நடக்கட்டும். இந்தப் பிள்ளைக்கும் அது விருப்பம். காரணத்த மட்டும் சரியாக்கச் செல்லுங்க. அது என்னோடது இல்ல."

அந்த மனிதரிடம் அப்போதுதான் முதல் முறையாக ஏன் என்று சொன்னேன். எந்தக் கண் என்று தெரியாமல் போன கதையை முழுவதும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிள்ளை டிவியில் சத்தத்தைக் கூட்டியது, அவர் குறைக்கச் சொல்லவில்லை.

மகள், நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். உன் உம்மாவை உன்னிடமிருந்து இரண்டாம் தரம் பறித்தவர் என்று நீ நம்பிய ஒரு மனிதரை வில்லனாக வரைய உட்கார்ந்தாய். கொம்பு வைத்திருக்கலாம், பல்லை நீட்டியிருக்கலாம், ஒருவரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். நீ அவருக்கு ஒரு பயத்தைக் கொடுத்தாய், தனிமையைக் கொடுத்தாய், சுவரில் வைக்க ஒரு காதைக் கொடுத்தாய். எனக்கு இருபத்திரண்டு வருடமாக வராத நியாயம் உனக்கு ஒரு கார்ட்டூனில் வந்திருக்கிறது. இது நான் கற்றுக்கொடுத்தது இல்லை. உம்மாவிடம் இருந்து வந்திருக்க வேண்டும். ஃபொட்டோக்காரரை நான் திருப்பி அனுப்பிய அன்று, "அவருக்கு வெக்கம்" என்று தன் ஆட்களிடம் எனக்காகக் காரணம் சொன்னவள் அவள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கோடனுக்கு நீ கொடுத்த காரணம் குறைவது ஏன் என்றால், அது அளவுக்கு மிஞ்சி மரியாதையான காரணம். பயபக்தி உள்ளவன் கோடு போட்டுவிட்டு நிம்மதியாகப் போவான், சுவரில் காதை வைக்கமாட்டான். காதை வைக்கிறவன் அந்தக் குரலை இழந்தவன். பிள்ளைகளிடம் இருப்பது தன்னிடம் இல்லையே என்று எரிகிறவன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பெரிய காரணம் ஒன்றைத் தூக்கி முன்னால் பிடிக்கிறவன், அந்தக் குடையைப் போல. அப்படி எழுதிப் பார். எனக்குக் கதை எழுதத் தெரியாது, இந்த ஒருவனை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. காரணம் கொடுத்தாய் என்பதற்காக அவனைச் சும்மா விட்டுவிடாதே. உன் பெரியவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, கணக்குத் தீராமல் கதை முடியக்கூடாது. ஆனால் மைக்குழி லேசு என்று அவர்களிடம் சொல். விழுந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அவன் வாயைத் திறக்கவே தேவையில்லை. என்னை யாராவது அப்போதே ஒரு குழியில் தள்ளியிருந்தால் நான் சந்தோசமாகப் போயிருப்பேன். கோடனை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்து. குடையை மடக்கச் சொல். ஏன் போட்டான் என்று அவன் வாயாலேயே சொல்ல வை. பிள்ளைகள் மன்னிக்கிறார்களா இல்லையா என்பது அவர்கள் பாடு, அதை நீ முந்திக்கொண்டு எழுதாதே. என்னையும் நீ அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம்.

அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. எரித்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். கோடு போட்ட அன்றைக்கே எடுத்துக் கடை மேசையின் அடி இலாச்சியில் வைத்தேன். உம்மாவின் முகம் வராத நாட்களில் திறந்து பார்ப்பேன். எனக்கு இன்றைக்கு ஞாபகம் இருக்கிற முகம் நீ வரைந்த முகம்தான், கழுத்தில் ஒரு கோட்டோடு. மை அடுத்த பக்கங்களுக்கும் ஊறியிருக்கிறது. அது உன்னுடையது, வந்து எடுத்துக்கொள்.

கடைசிப் பகுதியில் கோடன் குடையை மடக்கினால் உள்ளே ஒரு முகம் வேண்டும். ஹஸரத் நடையைக் கொடுத்துவிட்டார், முகத்தை அவரிடம் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. காலை பஸ்ஸில் வா, பென்சில் கொண்டு வா. வாசலில் பத்து மணிக்கு நல்ல வெளிச்சம் விழும். இந்த வயதுவரை ஒருவரையும் என்னை வரைய விட்டதில்லை, எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் அசையாமல் இருக்கிறேன். சாக்கு மார்க்கரை மாமியிடம் கொடுத்து, நீ திரும்பிப் போகும்வரை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாமியிடம் ஒன்று கேட்டேன். இவ்வளவு காலமும் கேட்கவில்லை, நீ பிழையாக வரைந்திருப்பாய் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு கேவலமான ஆசை. அவள் யோசிக்கவே இல்லை. உள்ளங்கையை வாயில் வைத்து, உம்மா செய்வது போலவே செய்து காட்டினாள்.

இடது கண்தான், மகள். நீ வரைந்தது சரி.

வாப்பா